டிக்கி இல்லாத வண்டியில் துப்பாக்கி: அமெரிக்கச் சாலைகளில் ஒரு சட்டச் சிக்கல்

அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர் அதைக் காரில் எடுத்துச் செல்ல அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தோட்டாவை நீக்கி, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியை டிக்கியில் போட்டு மூடினால் பெரும்பாலான மாநிலங்களின் சட்டம் அவரைத் தடுக்காது. அதே ஆள் அதே துப்பாக்கியோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் நிலைமை மாறிவிடுகிறது. பைக்கில் டிக்கி கிடையாது. ஓட்டுநர் பகுதி, சாமான் பகுதி என்ற பிரிவும் கிடையாது. இருக்கைக்குப் பின்னால் பொருத்திய பெட்டிகூட, திரும்பிக் கை நீட்டினால் எட்டிவிடும்.

சுடுதளத்துக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள், வேட்டைப் பருவத்தில் காட்டுக்குப் போகிறவர்கள், ஊர் ஊராகப் பைக்கில் சுற்றும்போது தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்று பலருக்கும் இது நடைமுறைக் கேள்வி. தவறான பதிலுக்கு விலை சிறை. சில வேளை உயிர். இந்தக் கேள்வியை ஆராயும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. துப்பாக்கியை எங்கே வைக்க வேண்டும் என்பதை வண்டியின் அமைப்பைக் கொண்டு சொல்லும் சட்டம் இருசக்கர வண்டியிடம் தடுமாறுகிறது. துப்பாக்கி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் எந்த வண்டிக்கும் பொருந்துகிறது. விபத்தைப் பற்றி யோசித்தாலும் திருட்டைப் பற்றி யோசித்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறோம்.

1986இன் சட்டம் சொல்வது

ஜான் கென்னடி 1963இலும், மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் 1968இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த அதிர்ச்சியில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அதன் கடுமை குறித்துத் துப்பாக்கி உரிமையாளர்கள் எழுப்பிய குறைகளுக்குப் பதிலாக, அதிபர் ரீகன் 1986 மே 19 அன்று துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் பயணிகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு. கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 926ஏ என்ற எண்ணில் இருக்கிறது.

அதன் சாரம் இது: ஓரிடத்தில் துப்பாக்கியை வைத்திருக்கவும் கொண்டு செல்லவும் ஒருவருக்கு உரிமை இருந்து, போய்ச் சேரும் இடத்திலும் அந்த உரிமை இருந்தால், இடையில் வரும் மாநிலங்களின் சட்டம் எப்படி இருந்தாலும் அவர் கடந்து செல்லலாம். ஆனால் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ எளிதில் கைக்கெட்டும்படியும், பயணிகள் அமர்ந்திருக்கும் பகுதியிலிருந்து நேரடியாக எடுக்கும்படியும் இருக்கக் கூடாது. ஓட்டுநர் பகுதியிலிருந்து பிரிந்த தனி அறை இல்லாத வண்டியானால், பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். டேஷ்போர்டில் உள்ள சிறு பெட்டியும் இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியும் இந்தக் கணக்கில் சேராது.

கடைசி விதி வேன், ஜீப், ஸ்டேஷன் வேகன் போன்ற வண்டிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மோட்டார் சைக்கிளுக்கு அதைப் பொருத்திப் பார்த்தால் இரண்டு விதமாகப் படிக்கலாம். பைக்கில் தனி அறை இல்லை, ஆகவே பூட்டிய பெட்டி வேண்டும் என்பது ஒன்று. பக்கவாட்டில் பொருத்திய பூட்டுள்ள சாடில்பேக்கே தனி அறைதான், அதில் வைத்தாலே போதும் என்பது இன்னொன்று. இரண்டாவது வாசிப்பை நம்பிப் போகிறவர், சாடில்பேக்கும் டேஷ்போர்டுப் பெட்டியைப் போன்றதுதான் என்று ஒரு காவலர் சொன்னால் என்ன செய்வார்? இரண்டு வாசிப்புக்கும் ஒருசேர இடம் கொடுப்பதே அறிவுடைமை. தோட்டா நீக்கிய துப்பாக்கி பூட்டிய உலோகப் பெட்டிக்குள், அந்தப் பெட்டி பூட்டிய சாடில்பேக்குக்குள், தோட்டாக்கள் மறுபக்கத்துப் பைக்குள். தோட்டாவைத் தனியாகப் பிரித்து வைக்கும்படி அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆனாலும் எளிதில் எட்டும்படி இருந்தது என்ற குற்றச்சாட்டுக்கு எதிராக, வண்டியை நிறுத்தி இறங்கி இரண்டு பூட்டுகளைத் திறக்க வேண்டிய நிலையைவிட வலுவான பதில் வேறில்லை.

பாதுகாப்பு எங்கே அறுகிறது

இந்தச் சட்டம் பயணியைக் காப்பாற்றும் என்று நம்பியவர்கள் நீதிமன்றத்தில் ஏமாந்திருக்கிறார்கள். யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் 2005இல் விமானத்தில் பயணம் செய்தபோது நியூ ஜெர்சியின் நியூவர்க் விமான நிலையத்தில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். முறைப்படி பூட்டி, அறிவித்து அனுப்பிய துப்பாக்கி இருந்த பெட்டி அவர் கைக்கு வந்தது. அன்றிரவு விடுதியில் தங்கி, மறுநாள் காலை மீண்டும் விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதைத் தாமே சொன்னார். கைது செய்தார்கள், சில நாட்கள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அவர் நட்டஈடு கேட்டுத் தொடுத்த வழக்கில் மூன்றாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இரவு முழுவதும் பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, அந்த நேரத்துக்குப் பிரிவு 926ஏயின் பாதுகாப்பு இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அதே நீதிமன்றம் 2013இல் இன்னொரு வழக்கில் மேலும் ஓர் எல்லையை வகுத்தது. பிரிவின் வாசகம் வண்டியைப் பற்றியே பேசுகிறது, ஆகவே வண்டியில் கொண்டு செல்லும்போது மட்டுமே பாதுகாப்பு என்றது. பைக் ஓட்டுபவருக்கு இது முக்கியமான தீர்ப்பு. முதுகில் மாட்டிய பைக்குள் பூட்டிய பெட்டியில் துப்பாக்கி இருந்தால் அது வண்டியில் இருக்கிறதா, ஓட்டுபவர் உடம்பில் இருக்கிறதா? அவர் பெட்ரோல் பங்கில் இறங்கிக் கடைக்குள் நடந்தால் அந்தப் பாதுகாப்பு கூடவே வருமா? இந்தக் கேள்விகளை நீதிபதி முன் நின்று தீர்த்துக்கொள்ள யாரும் விரும்ப மாட்டார்கள். வண்டியோடு பிணைத்த பெட்டியில் வைத்தால் இந்தக் கேள்விகள் எழவே எழாது.

கைது செய்த அதிகாரிகள்மீது பிரிவு 926ஏயை வைத்து நட்டஈட்டு வழக்குப் போட முடியாது என்பது நியூயார்க் பகுதிக்குரிய இரண்டாம் சுற்று நீதிமன்றம் 2010இல் எடுத்த நிலைப்பாடு. ஆக, இந்தச் சட்டம் கைதான பிறகு எடுத்துவைக்கும் வாதமாகவே பல இடங்களில் பயன்படுகிறது. பயணத்தைத் திட்டமிடும்போதே இது நினைவில் இருக்க வேண்டும். கண்டிப்பான மாநிலத்தைக் கடக்கும்போது இரவு தங்காமல் போக முடியுமா, அந்த மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வழியுண்டா என்று முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்துவிடுவது நல்லது.

ஒரே பெட்டி, மாநிலத்துக்கு ஒரு சட்டம்

எந்தப் பெட்டி போதும் என்ற சிறு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டாலே அமெரிக்கச் சட்டத்தின் சிதறல் தெரியும். இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டி ஏற்கத்தக்கதல்ல என்று கூட்டாட்சிச் சட்டம் பெயர் சொல்லியே ஒதுக்குகிறது. இல்லினாய் உச்ச நீதிமன்றமோ 2009இல் ஒரு வழக்கில், மூடிய அதே பெட்டியை அம்மாநிலச் சட்டம் கேட்கும் உறையாகக் கொள்ளலாம் என்றது. வர்ஜீனியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல், டேஷ்போர்டுப் பெட்டி தாழிட்டு மூடியிருந்தாலே போதும், பூட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்றது. நியூயார்க்கில், வண்டியில் விட்டுச் செல்லும் துப்பாக்கிக்கு டேஷ்போர்டுப் பெட்டி பாதுகாப்பான இடமாகாது என்று சட்டமே அறுதியிட்டுச் சொல்கிறது.

நியூ ஜெர்சியின் வாசகத்தில் மூடிக் கட்டிய உறை, துப்பாக்கிப் பெட்டி, இறுகக் கட்டிய பொட்டலம், இவை இல்லையென்றால் காரின் பூட்டிய டிக்கி என்று வரிசை போகிறது. தோட்டா இல்லாத துப்பாக்கி, அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு, வழியில் தேவைக்கு மேல் விலகாத பயணம் என்பவை கூடுதல் நிபந்தனைகள். அங்கே முனையில் குழியுள்ள தோட்டாக்களுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. பக்கத்து மாநிலத்தில் சாதாரணமாகக் கடையில் வாங்கியதை யோசிக்காமல் பையில் போட்டு வந்தவர் குற்றவாளியாகிவிடலாம். டிக்கி இல்லாத பைக்காரருக்கு இந்த வரிசையில் முதல் மூன்று வழிகள் எஞ்சுகின்றன. அந்த அளவில் நியூ ஜெர்சியின் பழைய வாசகம், கடுமையானதானாலும், இருசக்கர வண்டிக்கு இடம் விட்டிருக்கிறது.

கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ இருக்க வேண்டும். முழுவதும் மூடியதாகவும், சாவியாலோ எண்பூட்டாலோ தொங்குபூட்டாலோ பூட்டப்பட்டதாகவும் உள்ள பெட்டியே பூட்டிய பெட்டி என்று சட்டம் வரையறுக்கிறது. வண்டியோடு சேர்ந்த சாமான் பெட்டியும் டேஷ்போர்டுப் பெட்டியும் அதில் அடங்கா. பைக்கின் பூட்டுள்ள சாடில்பேக் இதில் எந்தப் பக்கம் விழும் என்று வாதிடலாம். தனிப் பெட்டியைப் பூட்டி அதற்குள் வைத்துவிட்டால் வாதத்துக்கே தேவையில்லை. பைக்கை நிறுத்திவிட்டுப் போகும்போது பெட்டி வெளியே தெரியக் கூடாது என்ற விதியும் அங்கே உண்டு.

பள்ளிகளைச் சுற்றிய கூட்டாட்சி விதியை மறப்பவர்கள் ஏராளம். 1990இல் வந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1995இல் செல்லாது என்றது; 1996இல் திருத்தத்தோடு மீண்டும் வந்தது. பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 300 மீட்டருக்குள், துப்பாக்கியோடு செல்வது குற்றம். தோட்டா நீக்கிப் பூட்டிய பெட்டிக்குள் இருந்தாலோ, வண்டியில் உள்ள பூட்டிய துப்பாக்கித் தாங்கியில் இருந்தாலோ, அந்த மாநிலமே தந்த உரிமம் இருந்தாலோ விலக்கு உண்டு. ஊருக்குள் போகும் எந்தச் சாலையும் ஒரு பள்ளியைத் தொடாமல் போவதில்லை. அதனால் நெடுஞ்சாலையில் சரியாக இருந்த ஏற்பாடு பள்ளி வீதியில் குற்றமாகிவிடலாம். பூட்டிய பெட்டி இங்கும் பதிலாக நிற்கிறது.

மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறவர்கள் விரும்பிப் போகும் புளூ ரிட்ஜ் பார்க்வே வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலுமாக 469 மைல் நீள்கிறது. தேசியப் பூங்காத் துறை பராமரிக்கும் சாலை அது. 2010 பிப்ரவரி 22 முதல் பூங்காக்களில் அந்தந்த மாநிலத்தின் துப்பாக்கிச் சட்டமே செல்லும் என்று கூட்டாட்சிச் சட்டம் மாறியது. பூங்காவின் அலுவலகக் கட்டடங்களுக்குள் மட்டும் தடை தொடர்கிறது. வர்ஜீனியாவில் மூடிய பெட்டிக்குள் இருந்தாலே போதும் என்று வாதிட இடமுள்ள கைத்துப்பாக்கி, எல்லை தாண்டி வட கரோலினாவுக்குள் நுழைந்ததும், உரிமம் இல்லாதவர் கைக்கெட்டும்படி மறைத்து வைத்த ஆயுதமாகிவிடலாம். இறங்கி எதையும் மாற்றாமல் ஒரே வளைவில் சட்டம் மாறிவிடுகிறது.

மோட்டார் சைக்கிளையே பெயர் சொல்லிப் பேசும் சட்டமும் இருக்கிறது. தெற்கு டகோட்டாவில் 1938இல் தொடங்கிய ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழாவுக்கு ஒவ்வோர் ஆகஸ்டிலும் நாடெங்கிலுமிருந்து லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அந்த மாநிலத்தின் போக்குவரத்துச் சட்டத்தில், மோட்டார் சைக்கிளில் துப்பாக்கியோடு செல்பவர் தோட்டாவை முழுவதும் நீக்கி, துப்பாக்கி முழுவதையும் மூடும் உறைக்குள் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. காவலர்களுக்கும், சொந்த நிலத்தில் ஓட்டுபவர்களுக்கும், இன்னும் சிலருக்கும் விலக்கு உண்டு. பைக் என்ற வண்டியின் தன்மையை நேருக்கு நேர் பார்த்து எழுதிய விதி அது.

உரிமத்தோடு உடம்பில் வைத்திருப்பது

2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் தகுதியுள்ள வயதுவந்தவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துச் செல்லலாம். மற்ற மாநிலங்கள் உரிமம் கேட்கின்றன. நாடு முழுதும் செல்லும் ஒரே உரிமம் என்று எதுவும் இல்லை; ஒரு மாநிலத்தின் உரிமத்தை எந்த மாநிலம் ஏற்கும் என்பது அவை தமக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாட்டைப் பொறுத்தது. பயணத்துக்கு முன் அந்தந்த மாநிலக் காவல்துறையோ தலைமை வழக்கறிஞர் அலுவலகமோ வெளியிடும் பட்டியலைப் பார்ப்பதே சரி.

உரிமம் இருப்பவருக்கும் பைக் சில புதுத் தொல்லைகளைத் தருகிறது. காற்றில் ஜாக்கெட் விலகினால் மறைந்திருந்தது வெளியே தெரியும். வெளிப்படையாக வைத்திருப்பதைத் தடுக்கும் மாநிலத்தில் அதுவே சிக்கல். மிச்சிகன் போன்ற மாநிலங்களில் காவலர் நிறுத்தியவுடன் துப்பாக்கி இருப்பதைத் தாமாகவே சொல்ல வேண்டும்; ஹெல்மெட்டோடும் கையுறையோடும் இருப்பவர் எஞ்சினை அணைத்து, கைகளை ஹேண்டில்பாரில் தெரியும்படி வைத்துக்கொண்டு பேசுவது இருவருக்கும் நல்லது. வண்டிப் பதிவுச் சான்றையும் காப்பீட்டுத் தாளையும் துப்பாக்கி இருக்கும் பையில் வைக்கவே கூடாது. சான்றைக் கேட்ட காவலர் முன்னால் அந்தப் பையைத் திறந்து கையை உள்ளே விடும் கணம் இருவர் உயிருக்கும் ஆபத்தானது.

எந்திரம், உடம்பு, சாலை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக ஏறத்தாழ 90,000 எண்ணிக்கையில் தயாரான ஹார்லி டேவிட்சன் டபிள்யூஎல்ஏ பைக்கில், முன் ஃபோர்க்கின் ஒரு பக்கம் தாம்சன் துப்பாக்கிக்கான நீண்ட தோல் உறை இருந்தது. மறுபக்கம் தோட்டாப் பெட்டி. சிப்பாய் வண்டியை நிறுத்தியதும் ஆயுதம் கையில் இருக்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். இன்று வேட்டைக்காரர்களின் நான்கு சக்கர வண்டிகளில் பொருத்தும் பிளாஸ்டிக் உறைகள் அதன் வழிவந்தவையே. குடிமகனுக்கான சட்டமோ நேர்மாறானதைக் கேட்கிறது: ஆயுதம் கைக்கு வரத் தாமதமாக வேண்டும். போர் வண்டியின் தோற்றத்தில் மயங்கித் திறந்த உறையில் ரைஃபிளைச் செருகிப் பொதுச்சாலையில் போவது, பல மாநிலங்களில் தோட்டா இல்லாதபோதும் சட்டத்தை மீறும். மழையும் புழுதியும் குழலுக்குள் போவது வேறு கேடு.

நீண்ட துப்பாக்கியைப் பைக்கில் கட்டுவதே கடினம். குறுக்கே கட்டினால் அகலம் கூடி அடுத்த வண்டியில் இடிக்கும். முதுகில் செங்குத்தாக மாட்டினால் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மரக்கிளையில் மாட்டும், விழும்போது கழுத்துக்கு ஆபத்து. பிரித்துக் கொண்டு போகக்கூடிய துப்பாக்கியே இதற்கு நல்ல தீர்வு. இரட்டைக் குழல் துப்பாக்கியின் குழலையும் கட்டையையும் எளிதில் பிரித்துவிடலாம். ரூகர் நிறுவனம் 2012இல் கொண்டுவந்த 10/22 டேக்டவுன் ரைஃபிள் இரண்டாகப் பிரிந்து சிறு பைக்குள் அடங்கிவிடும். பிரித்து வைத்த துப்பாக்கி சட்டத்தின் கண்ணிலும் விபத்தின்போதும் முழுத் துப்பாக்கியைவிட ஆபத்துக் குறைந்தது.

அதிர்வைப் பலர் குறைத்து மதிக்கிறார்கள். சக்திமிக்க பைக்கின் ஹேண்டில்பாரில் போனைப் பொருத்தினால் அதன் கேமரா பழுதாகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதே அதிர்வு, துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியின் திருகுகளையும் சிவப்புப் புள்ளிக் குறிபார்ப்பானையும் தளர்த்தும். அடர்ந்த நுரைப்பஞ்சு நிரப்பிய கடினப் பெட்டியும், பயணம் முடிந்ததும் திருகுகளைச் சரிபார்ப்பதும் இதற்கு மருந்து. தோட்டாக்களை ஆலை தந்த அட்டைப் பெட்டியிலேயே வைப்பது நல்லது. அதில் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் நிற்கும், ஒன்றோடொன்று உரசாது. பைக்கின் புகைக்குழாய்க்கு மேலே உள்ள பை சூடாகும் என்பதால் தோட்டாவை மறுபக்கம் வைக்க வேண்டும். துப்பாக்கிக்கு வெளியே கிடக்கும் தோட்டா தீயில் வெடித்தாலும் குழலிலிருந்து வரும் குண்டின் வேகத்தோடு பறக்காது. துப்பாக்கி, தோட்டாத் தொழில்துறையின் தர நிர்ணய அமைப்பு இதைச் செய்தே காட்டித் தீயணைப்பு வீரர்களுக்கான படமாக 2012இல் வெளியிட்டது. அதே தோட்டா குழலறையில் இருந்தால் நிலைமை வேறு. தோட்டாவையும் துப்பாக்கியையும் பிரித்து வைப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

கீழே விழும் துப்பாக்கி வெடிக்காது என்ற நம்பிக்கையும் ஆராயப்பட வேண்டியது. பழைய பாணி ஒற்றைச் செயல் ரிவால்வரில் சுத்தி நேராகத் தோட்டாவின் அடியில் படிந்திருக்கும். ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்திக்குக் கீழே வெற்று அறையை வைப்பது அந்தக் காலத்துப் பாதுகாப்பு வழக்கம். ரூகர் 1973இல், விசையை இழுத்தால் மட்டுமே சுத்தியின் அடியை ஊசிக்குக் கடத்தும் ஒரு தகட்டை வைத்து அந்த ஆபத்தை நீக்கியது. இக்காலக் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் விழுந்தால் வெடிக்காதபடி வடிவமைக்கப்பட்டவை. ஆனாலும் 2017இல் சிக் சாவர் பி320 சில கோணங்களில் விழும்போது வெடிப்பது சோதனைகளில் தெரிந்து, நிறுவனம் விசைப்பகுதியை மாற்றித்தரத் திட்டம் அறிவித்தது. நெடுஞ்சாலை வேகத்தில் தார்ச்சாலையில் உருளும் உடம்போடு இருக்கும் துப்பாக்கி எந்தக் கோணத்தில் எத்தனை முறை மோதும் என்று எந்த ஆய்வுக்கூடமும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

உடம்பில் துப்பாக்கியோடு ஓட்டுபவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இடுப்பின் பின்புறம் நடுமுதுகில் செருகிய உலோகக் கட்டி, மல்லாந்து விழும்போது நேராக முதுகெலும்பில் அழுந்தும். அமெரிக்கச் சாலைகளில் 2022இல் மட்டும் 6,218 மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னிருக்கைப் பயணிகளும் இறந்தனர். ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால் காரில் செல்பவரைவிட ஏறத்தாழ 22 மடங்கு மரண ஆபத்து. விழுந்து நினைவிழந்தவர் தன் துப்பாக்கிக்குக் காவலாக இருக்க முடியாது. ஓடி வந்து உதவும் வழிப்போக்கர், ஜாக்கெட்டை வெட்டும் ஆம்புலன்ஸ் ஊழியர், அவசரச் சிகிச்சைப் பிரிவின் செவிலியர் ஆகியோரின் கைக்குத் தோட்டா நிரம்பிய ஆயுதம் போய்ச் சேரும். ஓட்டுபவரின் கட்டுப்பாடு முடிந்த கணத்திலும் பூட்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பைக்கில் பூட்டிய பெட்டி வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட வலுவான நியாயம் கிடையாது.

திருட்டு

2017 முதல் 2021 வரையிலான ஐந்தாண்டில் தனியார் கையிலிருந்து திருடுபோனதாகப் பதிவான துப்பாக்கிகள் 10 லட்சத்துக்கும் மேல் என்பது அமெரிக்க அரசின் ஆயுதக் கண்காணிப்புத் துறை வெளியிட்ட கணக்கு. நிறுத்திவைத்த வண்டிகள் அந்தத் திருட்டுக்கு முக்கியமான இடம். பைக் காரைவிட எளிய இலக்கு. தோல் சாடில்பேக்கின் வாரைக் கத்தியால் அறுத்துவிடலாம். கடினப் பெட்டிகள் பலவற்றை ஒரே திருப்பில் வண்டியிலிருந்து கழற்றிப் பிடியோடு தூக்கிக்கொண்டு போகலாம். பயணிக்கு வசதியாகச் செய்த அமைப்பு திருடனுக்கும் வசதி. பைக்கையே இருவர் தூக்கி வேனில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது.

உள்ளே வைக்கும் சிறு உலோகப் பெட்டியை எஃகுக் கம்பிவடத்தால் வண்டியின் சட்டத்தோடு பிணைத்துப் பூட்டலாம். அவசரத் திருடனை அது தடுக்கும், நேரம் இருப்பவனைத் தடுக்காது. துப்பாக்கி வண்டியில் இருக்கும்வரை வண்டியை விட்டு வெகுநேரம் பிரியாதிருப்பதே உண்மையான பாதுகாப்பு. உணவுக்கு நின்றால் கண்ணில் படும் இடத்தில் நிறுத்துவது, துப்பாக்கி விளம்பர ஸ்டிக்கர்களைப் பெட்டியில் ஒட்டாதிருப்பது, துப்பாக்கியை வெளியே எடுத்து வைப்பதை வாகன நிறுத்தத்தில் செய்யாமல் வீட்டிலும் சுடுதளத்திலும் மட்டும் செய்வது ஆகியவை எளிய பழக்கங்கள். துப்பாக்கியைக் கையாளும் ஒவ்வொரு முறையும் தவறுக்கு ஒரு வாய்ப்பு. வீட்டில் பூட்டிய பெட்டியைச் சுடுதளத்தில்தான் திறக்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால், கடலுக்கு அப்பால்

அலாஸ்காவுக்குத் தரைவழியே போகும் பைக்காரர் கனடாவைக் கடந்தாக வேண்டும். அங்கே கைத்துப்பாக்கி இறக்குமதிக்கு 2022இல் கடும் தடை வந்துவிட்டது. சாதாரண வேட்டைத் துப்பாக்கியை எல்லையில் எழுத்துமூலம் அறிவித்து, கட்டணம் கட்டி, குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி பெறலாம். கட்டுப்படுத்தப்பட்ட வகைத் துப்பாக்கிகளைக் கொண்டு செல்வதற்குக் கனடா வைத்திருக்கும் விதி கவனிக்கத்தக்கது. தோட்டா நீக்கியிருக்க வேண்டும். இயங்காதபடி பூட்டுச் சாதனம் பொருத்தியிருக்க வேண்டும். உள்ளிருப்பது தெரியாத, எளிதில் உடைக்க முடியாத, பயணத்தில் தற்செயலாகத் திறந்துகொள்ளாத பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். துப்பாக்கி இருக்க வேண்டிய நிலையை அந்த விதி முதலில் சொல்லிவிடுகிறது. வண்டியின் வடிவத்தைப் பற்றிய பேச்சு, வண்டியை விட்டுவிட்டுப் போகும்போதுதான் எழுகிறது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இந்த வழியில் போகின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடம்போடு பிணைந்த உறையிலோ அதற்கென்ற பையிலோ இருக்க வேண்டும். மற்றத் துப்பாக்கிகள் அவற்றுக்கென்று செய்த உறையில் இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவர் அதன்மீது முழுக் கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏறத்தாழ இதே விதி உண்டு. பதிவான வாகனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வண்டிகளாக இருக்கும் இந்தியாவுக்கு இது பொருத்தமான அணுகுமுறை. நடந்து போகிறவர், பேருந்தில் போகிறவர், ஸ்கூட்டரில் போகிறவர் எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் விழுந்து நினைவிழந்த ஓட்டுநரின் கட்டுப்பாடு என்னவாகும் என்ற கேள்விக்கு இந்திய விதியில் விடை இல்லை. பூட்டிய பெட்டியைக் கட்டாயமாக்கும் கனடாவின் வாசகம் அந்த இடத்தில் முன்னே நிற்கிறது. உரிமம் பெற்ற விளையாட்டு வீரர்களும் விவசாயிகளும் ஸ்கூட்டரிலும் பைக்கிலும் துப்பாக்கியைக் கொண்டு போகும் தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும்.

செய்யத்தக்கது

அமெரிக்கக் காங்கிரஸ் பிரிவு 926ஏயைத் திருத்துமானால் டிக்கி, பயணிகள் பகுதி, டேஷ்போர்டு என்ற சொற்களை விட்டுவிட்டு, தோட்டா நீக்கிய துப்பாக்கி, பூட்டிய ஒளிபுகாப் பெட்டி, தனியே வைத்த தோட்டா என்ற மூன்றை மட்டும் கேட்டால் போதும். காருக்கும் பைக்குக்கும் படகுக்கும் அது ஒரே அளவில் பொருந்தும். விமானம் தவறி விடுதியில் தங்க நேர்ந்தவருக்கும், மழைக்கு ஒதுங்கிச் சாலையோர விடுதியில் இரவைக் கழிக்கும் பைக்காரருக்கும், பெட்டி பூட்டியிருக்கும்வரை பாதுகாப்பு தொடரும் என்று ஒரு வரி சேர்த்தால் 2010இன் தீர்ப்பு விட்டுச்சென்ற பள்ளமும் நிரம்பும்.

சட்டம் மாறும்வரை ஓட்டுபவர் காத்திருக்க வேண்டியதில்லை. அவர் கடக்கும் மாநிலங்களில் எது கடுமையான விதியோ அதையே பயணம் முழுவதற்கும் தன் விதியாக வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டால் எல்லையில் எதையும் மாற்ற வேண்டாம், பள்ளி வீதியில் பதற வேண்டாம், காவலரிடம் விளக்கம் சொல்லும்போது தடுமாற வேண்டாம். அந்தக் கடுமையான விதியே விபத்தில் உதவிக்கு வருபவரையும், திருடுபோன ஆயுதத்தால் நாளை தாக்கப்படக்கூடியவரையும் காக்கிறது. உரிமையோடு ஆயுதம் வைத்திருப்பவர் தன் உரிமையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம்; சாலையில் அவர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது அதைத் தொடவே விரும்பாத மற்றவர்களின் உயிரை.